பாராமீட்டரா, பரேமிடரா?

காலேஜ் முடிச்ச புதுசுல ஒரு ஆன்லைன் இன்டர்வியூ. 'பாரா மீட்டர்'னு மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் அந்தப் பக்கம் இருந்தவர் 'சாரி?'ன்னார். கடைசியில சாட்ல டைப் பண்ணி அனுப்பினேன். அதுக்கப்புறம் தெரிஞ்ச பதில்கூட வாயில வரல. அந்த வேலையும் கிடைக்கல.

அர்த்தத்தை வெச்சுப் பார்த்தா நான் உடைச்சது சரிதான். கிரேக்க மொழியில் 'பாரா' என்றால் பக்கத்தில், 'மெட்ரான்' என்றால் அளவு. ஆனா ஆங்கிலம் பேசுற வாய் அங்கே உடைக்கிறதில்லை. ப-ரேம்-இ-டர். நாலு அசை, அழுத்தம் ரெண்டாவதில். மத்ததெல்லாம் மங்கிடும். நான் 'மீ'யை அழுத்தினதும் அவர் காது வேற ஏதோ வார்த்தையைத் தேடியிருக்கு.

நமக்கு இது பழக்கமில்லை. தமிழில் 'பல்', 'பால்' என்று நீளம் மாறினா அர்த்தம் மாறும். அழுத்தம் மாறினா ஒண்ணும் ஆகாது. ஆங்கிலத்தில் 'ரெக்கார்ட்' எழுத்து ஒண்ணுதான். முதல் அசையை அழுத்தினா பெயர்ச்சொல், ரெண்டாவதை அழுத்தினா வினைச்சொல்.

இந்த மீட்டர் குடும்பமே சுவாரஸ்யமானது. தர்மாமீட்டர், பாரோமீட்டர், ஸ்பீடோமீட்டர் மாதிரி கருவின்னா, பொதுவா மீட்டருக்கு முந்தின அசையில அழுத்தம்: தர்-மாம்-இ-டர், ஸ்பீ-டாம்-இ-டர். சென்டிமீட்டர், மில்லிமீட்டர் மாதிரி அலகுன்னா முதல் அசையில. கிலோமீட்டர் மட்டும் ரெண்டு பக்கமும் போகும். அதுக்கு வெள்ளைக்காரங்களே இன்னும் சண்டை போடுறாங்க!

அதனால நீளமான வார்த்தை வந்தா நான் முதல்ல வாலைப் பார்ப்பேன். 'ஃபோட்டோகிராஃப்'ல அழுத்தம் முதல் அசை. 'ஃபோட்டோகிராஃபி' ஆனா ரெண்டாவதுக்குப் போகும். 'ஃபோட்டோகிராஃபிக்'னா 'இக்' வால் அதைத் தனக்கு முந்தின 'கிராஃப்'க்கு இழுத்துடும். ஒரே வேர், மூணு இடம்.

நம்ம ஃபீல்டு உதாரணம், இன்டர்நேஷனலைசேஷன். ஆங்கிலத்தில் 20 எழுத்து. முதலும் கடைசியும் போக நடுவுல 18, அதான் 'ஐ எய்ட்டீன் என்'. அர்த்தத் துண்டு அஞ்சு: இன்டர், நேஷன், அல், ஐஸ், ஏஷன். அசை எட்டு. வால் 'ஏஷன்', அதனால முக்கிய அழுத்தம் 'சே'யில. அதைப் பிடிச்சுட்டா, உச்சரிப்புல மதுரை வாடை அடிச்சாலும் புரிஞ்சுக்குவாங்க.

ஆங்கிலேயர்களும் தப்பா உடைப்பாங்க. ஹெலிகாப்டர்ல உண்மையான துண்டு 'ஹெலிகோ', 'ப்டர்'. சுருள், இறக்கை. அவங்க வாய்க்கு 'ப்டர்' வரல. 'ஹெலி'ன்னு வெட்டி எடுத்து, அதுல 'பேட்' ஒட்டி ஹெலிபேட் ஆக்கிட்டாங்க.