265 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று விமானங்களின் குளிர்கால அட்டவணை அமலுக்கு வருகிறது. சேலத்துக்காரர்களுக்கு அந்த நாள் மீது ஒரு பயம் உண்டு. ட்ரூஜெட் நிறுவனம் 2018 மார்ச் 25-ல் கோடைகால அட்டவணையோடு வந்தது, 2021-ல் போய்விட்டது. இண்டிகோ 2023 அக்டோபர் 29-ல் வந்தது, அதுவும் அட்டவணை மாறிய ஞாயிறுதான். ‘இருக்குமா, நேரம் மாறுமா?’ என்று கேட்கும் வாசகர் கடிதங்களில் பல, இன்னொன்றையும் கேட்கின்றன: சேலம் விமான நிலையம் உள்ள காமலாபுரத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 265 கி.மீ. ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கி.மீ. பறக்கக்கூடியது. டிக்கெட்டில் ஏன் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போடுகிறார்கள்?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல என்பதுதான் பதில். நிறுத்துமிடத்திலிருந்து சக்கரம் நகர்ந்த நொடியிலிருந்து, சென்னையில் நிறுத்துமிடத்தில் சக்கரம் நிற்கும் வரையிலான நேரம் அது. காமலாபுரத்தில் ஓடுபாதைக்குப் போக அதிக நேரமாகாது. ஆனால் கிழக்கே சேர்வராயன் மலை 1,600 மீட்டருக்கு மேல் நிற்கிறது, உயரம் பிடித்த பிறகே அதைத் தாண்ட முடியும். சமவேகத்துக்கு வந்து கொஞ்சம் பறப்பதற்குள் இறங்கும் வேலை தொடங்கிவிடும். சென்னையிலோ ஜெட் விமானங்களின் வரிசையில் இந்தச் சின்ன விமானத்துக்கும் முறை வர வேண்டும்.

இதற்கு மேல் விமான நிறுவனங்கள் சில நிமிடங்களைச் சேர்த்து வைக்கின்றன. அட்டவணை நேரத்துக்கு 15 நிமிடத்துக்குள் வந்தால் ‘சரியான நேரம்’ என்று கணக்கு. அட்டவணையை நீட்டினால் தாமதம் தானாகவே குறையும்! அரசு மாதந்தோறும் வெளியிடும் நேரந்தவறாமைப் பட்டியல் பெருநகர விமான நிலையங்களைத்தான் அளக்கிறது. சேலம் அதில் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. 2016-ல் சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தை அறிவித்தபோது அரசு சொன்னது: ‘ஒரு மணி நேரப் பயணம், சுமார் 500 கி.மீ., கட்டணம் 2,500 ரூபாய்க்குள்.’ விளம்பரத்தில் பெரிதாக நின்றது ஒரு மணி நேரம். விதிகளைப் புரட்டினால், ஏடிஆர் போன்ற விமானங்களைப் பொறுத்தவரை கடிகாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. கட்டண உச்சவரம்பு கிலோமீட்டர் படிக்கட்டுகளாகவே ஏறுகிறது. 500 கி.மீ. ஒரு மணி நேரம் என்பது ஓடுபாதையும் மலையும் வரிசையும் இல்லாத உலகத்தின் கணக்கு. சேலம் பயணி அதே ஒரு மணி நேரத்தில் பாதி தூரம்தான் போகிறார். படிக்கட்டுப்படி அவருக்கான வரம்பும் 2,500-க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். அதுவும் எல்லா இருக்கைக்கும் அல்ல: விமானத்தின் பாதி இருக்கைகளே வரம்புக்குள், மானியம் மூன்று ஆண்டு. இந்தத் திட்டத்தில் பறந்த ட்ரூஜெட் வந்த வருடத்தையும் போன வருடத்தையும் இன்னொரு முறை பாருங்கள்.

மற்ற கேள்விகள்:

ரயிலில் எவ்வளவு? சென்னையிலிருந்து சுமார் 335 கி.மீ., ஏறக்குறைய ஐந்து மணி நேரம்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காடு போகுமா? போகாது, சேலத்தில் இறங்கிப் பஸ் ஏறுங்கள்.

விமான நிலையத்திலிருந்து ஏற்காடு? காக்கை பறந்தால் 16 கி.மீ.; காரில் சேலம் வழியாக, 20 கொண்டை ஊசி வளைவுகளோடு, கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

அட்டவணை எப்படித் தெரியும்? நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த ஞாயிறுக்குப் பிந்தைய தேதியைப் போட்டுத் தேடுங்கள், டிக்கெட் விற்றால் விமானம் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.