எருக்குழிக்குள் ஒரு பச்சைக் காவல்

உங்கள் தென்னையில் புது ஓலை விரியும்போதே கத்தரியால் முக்கோணமாக வெட்டினதுபோல இருக்கிறதா? அது காண்டாமிருக வண்டின் கைவரிசை. ஆனால், அதன் பிறந்த வீடு மரத்தில் இல்லை. எருக்குழியைக் கிளறிப் பாருங்கள். வெள்ளையாய், கொழுகொழுவென்று சுருண்டு கிடக்கும் புழுக்கள்தான் நாளைய வண்டுகள்.

இந்தப் புழுக்களுக்கு எமன் ஒரு பூஞ்சை. பெயர், மெட்டாரைசியம். எருவில் கலந்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூஞ்சையின் வித்து புழுவின் தோலில் ஒட்டி, துளைத்து, உள்ளே வளரும். செத்த புழுவின் மேல் பச்சைப் பொடி பூத்திருக்கும். அந்தப் பொடியும் வித்துதான்; அடுத்த புழுவுக்காகக் காத்திருக்கும்!

குருத்தைக் காக்க வேண்டுமா? குப்பையில் தொடங்குங்கள்.