பீரோவின் சாவி

அரசுப் பள்ளிகள் பலவற்றில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் நிற்கும் ஓர் இரும்பு பீரோதான். தணிக்கையில் புத்தகம் குறைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்லவேண்டும், ஆகவே பூட்டு. நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931-இல் நூலாக்கிய சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், புத்தகம் பயன்பாட்டுக்கே என்பதைத்தான் முதல் விதியாக வைத்தார்.

எங்கள் நடுநிலைப் பள்ளியில் வகுப்புச் சுவரில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருக்கிறேன், ஒன்றாம் வகுப்புக் கைக்கு எட்டும் உயரத்தில். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் இதற்கென்றே செய்தவைபோல மெலிதானவை. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை. ஏழாம் வகுப்புப் பையன் ‘நுழை’யை எடுத்தால் நான் தடுப்பதில்லை. எழுத்துக்கூட்டத் தடுமாறுகிறவனுக்கு ஒரு புத்தகத்தை முழுசாக முடித்தோம் என்ற கெத்து முதலில் வேண்டும்.

கோடை விடுமுறைக்கும் புத்தகம் கொடுத்தனுப்புகிறேன். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் விடுமுறை வாசிப்புக்குப் பட்டியல் உண்டு, திரும்பியதும் கட்டுரையோ தேர்வோ இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டுரை கேட்டால் அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து எழுதிவிடுவார்கள். வீட்டில் ஒருவருக்குக் கதை சொல்லவேண்டும், அவ்வளவுதான் என் நிபந்தனை.

ஜூனில் ஒருத்தி வந்து புகார் சொன்னாள்: “டீச்சர், முடிவு சரியில்லன்னு அப்பத்தா வேற மாதிரி மாத்திருச்சு.”

சில புத்தகங்கள் கிழிந்து வரும், செலோடேப் போதும். திரும்பாதவற்றைப் பதிவேட்டில் எழுதி வைக்கிறேன், தணிக்கைக்காரர் கேட்கட்டும்.