வேட்பாளர் எங்கே?

மேடை போட ஆளுண்டு, கொடி கட்ட ஆளுண்டு வடசென்னையிலே! "கவுன்சிலருக்கு நீயே நில், தோழா" என்றால் மட்டும் தயங்குகிறார்கள். அச்சமா? அல்ல!

1973-ல் கலைக்கப்பட்ட சென்னை மாமன்றத்துக்கு மறுதேர்தல் 1996-ல்தானே வந்தது! 23 ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வீட்டில் இராயபுரத்தான் குடித்தனம் பழகுவது எங்ஙனம்? திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தன. ஐந்தே ஆண்டு! 2016-ல் மறுபடியும் பூட்டு. 2022 பிப்ரவரியில்தான் தேர்தல். இடையில் ஆண்டவர்கள் அதிகாரிகள்.

மன்றம் கூடுவது பகலில், ஷிப்டும் பகலில். 2023-ல் அறிவித்த மதிப்பூதியம் மாதம் 10,000 ரூபாய். கூலியை விட்டு ரிப்பன் மாளிகைக்குப் போகிறவன் வீட்டில் அடுப்பெரிய இது போதுமா? காண்டிராக்டருக்கு அந்தக் கவலை இல்லை, அவர் நிற்கிறார்!

மன்றக் கூட்ட நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டுமென்று சங்கங்கள் முதலில் கேட்கட்டும். வேட்பாளரைப் பிறகு தேடுவோம்.