நாய் வளர்ப்போர்க்கு ஓர் ஆண்டுக் கணக்கு

நாய் நன்றியுள்ள பிராணி என்பதை நாம் பாலபாடத்திலேயே படித்திருக்கிறோம். அதனை வளர்ப்பதற்கு ஆண்டொன்றுக்கு எவ்வளவு பொருள் வேண்டும் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் நமக்குச் சொல்லவில்லை. அதனாற்போலும், குட்டி வாங்குங்கால் அதன் விலையைக் குறைக்க ஒரு வாரம் பேரம் பேசுகின்ற நம்மவர், பின்னர்ப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வரப்போகும் செலவை ஒரு நாழிகையேனும் எண்ணிப் பார்ப்பதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் நாம் நமது ஊராகிய திருநாவலூரில் தங்கியிருந்த காலை, எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் நம்மை நாடி வந்தார். அவருக்குக் கொஞ்சம் கரும்பும் மணிலாவும் உண்டு. மணிலாவை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். கொல்லைக் காவலுக்கு இராசபாளையத்துக் குட்டியொன்று வேண்டுமென்று அவர் மகன் பிடிவாதம் செய்கின்றானாம். "தம்பி, நீ காலேஜில் படிக்கிற பிள்ளை. நமக்கு இது கட்டுப்படியாகுமா என்று ஒரு கணக்குப் போட்டுக் கொடு" என்றார். அன்றிரவு நாம் போட்ட கணக்கே இக்கட்டுரை.

திருநாவலூர் சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர் என்பது யாவரும் அறிந்ததே. அவர் திருமணம் நிகழவிருந்த வேளையில் முதியவர் ஒருவர் தோன்றி, "இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த அடிமை ஓலை என்னிடம் உள்ளது" என்று வழக்கிட்டதும், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் மூலவோலையைக் காட்டி வென்றதும் பெரியபுராணத்தில் விரிவாக உள்ளன. ஓலை எழுதியவர் ஒருவர். கட்டுண்டவர் அவர் பேரன். நாய்க்குட்டி வாங்குகிறவர் ஓலை ஏதும் எழுதுவதில்லை. ஆயினும், மகன் ஆசைப்பட்டு வாங்கிய நாய்க்கு, அவன் கல்லூரிக்குச் சென்ற பின்னர்ச் சோறு வைப்பவர் தாயாரே என்பதை எத்தனை வீடுகளில் காண்கின்றோம்! ஆதலின் கணக்கை வீட்டார் அனைவரும் இருந்து பார்ப்பதே முறை.

முதற்கண் இனத்தைப்பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டிற்கே உரிய இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்பவை பேர்பெற்றவை. இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டில் நாட்டு நாய்களுக்கென நான்கு தபால்தலைகள் வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்று இராசபாளையத்திற்குக் கிடைத்தது. இவ்வெள்ளை இனத்துக் குட்டிகளிற் சில பிறவிச் செவிடாக இருத்தல் உண்டு. ஆதலின் வாங்குமுன் அதன் பின்புறம் நின்று கைதட்டிப் பார்த்தல் நலம். நம் கணக்கிற்கு வேண்டிய செய்தி வேறு. குட்டியின் விலை இனத்தைப் பொறுத்தது. ஆண்டுச் செலவோ பெரும்பாலும் அதன் எடையையே பொறுத்தது. தெருவிற் பிறந்த குட்டியாயினும், பெரும் விலை கொடுத்துக் கொண்ட குட்டியாயினும், ஒரே எடையுடையவை ஏறத்தாழ ஒரே அளவு உண்ணும். ஒரே ஊசி போட்டுக்கொள்ளும்.

உணவின் அளவைக் கால்நடை மருத்துவர் கணிக்கும் முறை, கணித மாணவர்க்குச் சுவையாக இருக்கும். நாயின் எடையைக் கிலோவிற் கொண்டு, அதன் கனத்தைக் கண்டு, அதற்கு இருமுறை வர்க்கமூலம் எடுத்து, எழுபதாற் பெருக்க வேண்டும். 20 கிலோ நாய்க்குக் கனம் 8,000. முதல் மூலம் ஏறக்குறைய 89.4, இரண்டாம் மூலம் 9.46, எழுபதாற் பெருக்கினால் 662. சும்மா படுத்திருக்கும் நாய்க்கு நாளொன்றுக்கு வேண்டிய கிலோகலோரி இதுவே. கருத்தடை செய்யப்பட்டு, வளர்ச்சி முடிந்து, ஓரளவு ஓடியாடும் நாய்க்கு இதனை 1.6 மடங்காக்குக, சுமார் 1,060 வரும். எடை இரட்டித்தால் உணவு இரட்டிப்பதில்லை, ஏறக்குறைய 1.7 மடங்கே ஆகும் என்பதும் இக்கணக்கினின்றே விளங்கும்.

இந்த 1,060-ஐ நம் வீட்டுப் பண்டங்களாக மாற்றினோம். 200 கிராம் அரிசி சுமார் 700 தரும். இரண்டு முட்டை 150. எஞ்சியதில் பெரும்பகுதியை 100 கிராம் கோழியிறைச்சி தரும். ஒரு நாளைக்கு இது சிறிதாகவே தோன்றும். ஆண்டிற்குப் பெருக்கிப் பார்த்தபோதுதான் நாமே திடுக்கிட்டோம். 73 கிலோ அரிசி, 730 முட்டை, 36½ கிலோ இறைச்சி! அரிசி கிலோ 50 ரூபாய், முட்டை 6 ரூபாய், இறைச்சி கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முறையே 3,650, 4,380, 7,300. ஆக 15,330 ரூபாய். பூசணி, மஞ்சள், அடுப்பெரிக்கும் செலவு என மாதம் 100 ரூபாய் கூட்டினால் 16,530. விலைகள் நாம் கணக்கிற்காக வைத்துக்கொண்டவை. வாசகர் தத்தம் ஊர்ச் சந்தை விலையை இட்டு மாற்றிக்கொள்க. அளவுகள் மாறா. கடையில் விற்கும் உலர்தீனியாயின் நாளொன்றுக்கு 300 கிராம், ஆண்டிற்கு ஏறக்குறைய 110 கிலோ வேண்டும்.

"மிஞ்சின சோற்றைப் போட்டால் செலவு ஏது?" என்பார் பலர். பெரியவரும் அவ்வாறே வினவினார். மிஞ்சிய சோற்றோடு மிஞ்சிய சாம்பாரும் சேர்ந்தே போகின்றது. சாம்பாரில் வெங்காயம் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் இயல்புடையன. வெந்த கோழியெலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழித்தலும் உண்டு. அன்றியும், நாலுபேர் அளவாய்ச் சமைக்கும் வீட்டில் நாள்தோறும் 1,060 கிலோகலோரி மிஞ்சுமாயின், அவ்வீட்டின் கணக்கை வேறு கட்டுரையில் ஆராய வேண்டும்.

நிற்க. மருந்துச் செலவிற்கு வருவோம். குட்டி பிறந்த ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. மூன்று நான்கு வாரம் கழித்து மறு ஊசி. மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி. பின்னர் மருத்துவர் சொல்லும் முறைப்படி ஆண்டுதோறும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்திற்கொருமுறை குடற்புழு மருந்து. எங்கள் பக்கத்து வெப்பத்தில் உண்ணி ஆண்டு முழுதும் உண்டு. உண்ணியால் வரும் காய்ச்சல் இரத்தத்தைக் குறைத்து நாயை ஒரு வாரத்திற் சாய்த்துவிடும். ஊசிகளுக்கு 1,500, புழு மருந்துக்கு 400, உண்ணி மருந்துக்கு மாதம் 200 வீதம் 2,400. ஆக 4,300 ரூபாய் என்று எழுதினோம். அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் இவற்றுட் சில குறைந்த செலவிலோ செலவின்றியோ கிடைத்தால் அஃது இலாபம்.

இவ்வரியை எழுதும்போது நம் கை சிறிது நின்றது. நாம் பள்ளியில் படித்த நாளில் எங்கள் வீட்டில் மணி என்றொரு குட்டி இருந்தது. "அடுத்த மாதம் ஊசி போடலாம்" என்று இரண்டு மாதம் தள்ளினோம். பார்வோ நோய் கண்டது. வாந்தியும் இரத்தப் பேதியும். மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றுவதற்கும், ஆட்டோ வைத்துக் கொண்டுபோய் வருவதற்கும் ஆன பணம் ஊசியின் விலையைப்போற் பலமடங்கு. நான்காம் நாள் விடியலில் அது இறந்தது. தள்ளிப்போட்டவர் நாமேயன்றிப் பிறரல்லர்.

போக்குவரத்தைக் கணக்கில் பலர் மறப்பர். தென்னார்க்காடு, விழுப்புரம், 2019 முதற்கொண்டு கள்ளக்குறிச்சி என்று எங்கள் ஊரின் ஜில்லா மாறிக்கொண்டே வந்தபோதிலும், அறுவை சிகிச்சையும் எக்ஸ்ரேயும் வேண்டுமாயின் தொலைவு செல்ல வேண்டியதே. கிழக்கே புதுச்சேரிக் குரும்பாப்பேட்டிலும், மேற்கே சேலஞ்செல்லும் சாலையில் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. இரண்டும் அருகிலில்லை, பஸ்ஸில் நாயை ஏற்றுதலும் எளிதன்று. அருகிலுள்ள மருந்தகத்திற்கு ஆண்டிற்கு நான்கு தடவை, தடவைக்கு 500 வீதம், 2,000 ரூபாய் குறித்தோம். கழுத்துப்பட்டை, சங்கிலி, தட்டு, சோப்பு முதலியவற்றிற்கு 1,200. வீட்டார் வெளியூர் செல்லும் பத்து நாட்களுக்குச் சோறு வைப்பவர்க்கு நாள் 100 வீதம் 1,000. இதுவரை மொத்தம் 25,030.

இத்தோடு கணக்கை மூடுவோர் மூன்றாம் ஆண்டில் இடர்ப்படுவர். எலும்பு முறிவு, பாம்புக்கடி, பெண்ணாயாயின் கருப்பையிற் சீழ் பிடித்தல் ஆகியவை நாள் குறித்து வருவனவல்ல. ஆதலின் மாதம் 500 ரூபாய் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் நாயின் பேரால், அதாவது நாய்க்கென்று நினைத்து, போட்டுவர வேண்டும். ஆண்டிற்கு 6,000. ஆக 31,030 ரூபாய்; நாளொன்றுக்கு 85 ரூபாய். விலைவாசி ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டு ஆண்டில் 3,72,360 ரூபாய். கருத்தடைச் செலவு ஒருமுறையே ஆதலின் இதிற் சேர்க்கவில்லை. ஆயினும் அதைத் தவிர்த்தல் சிக்கனமன்று. கருவுற்ற 63 நாளில் ஐந்தாறு குட்டிகள் வந்து நிற்கும். இந்தக் கணக்கை ஆறாற் பெருக்க எவரால் இயலும்?

கணக்குப் போடாதவர் செய்வது யாது? எங்கள் ஊர்க்கு அருகே செல்லும் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையிற் பார்க்கலாம். கழுத்துப்பட்டைத் தழும்போடு, ஒவ்வொரு வண்டியின் பின்னும் சிறிது தூரம் ஓடி நின்றுவிடும் நாய்களை நாம் கண்டிருக்கிறோம். பசியாலும் தாகத்தாலும் வருந்துமாறு பிராணியைக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதற் குற்றத்திற்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல்! நம் கணக்கின்படி நாயின் ஒருநாள் உணவுச் செலவே 45 ரூபாய். சட்டம் இயற்றிய நாளில் அஃது ஒரு தொகையாக இருந்திருக்கும். இன்று அது தண்டனையாகத் தோன்றவில்லை.

கைவிட்ட நாய்க்கு அடுத்த ஆண்டு ஊசி போடுவார் எவருமிலர். வெறிநோயால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 மக்கள் இறப்பதாக உலக சுகாதார நிறுவனத்தார் மதிப்பிட்டுள்ளனர். மக்களுக்கு இந்நோய் வருவது பெரும்பாலும் நாயின் கடியாலேயே. லூயி பாஸ்டர் 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் ஒரு சிறுவனுக்கு முதன்முதல் சிகிச்சை செய்தார். இந்தியாவில் 1900-ல் கசௌலியிலும், தென்னாட்டவர்க்காக 1907-ல் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் தோன்றின. அக்காலத்தில் கடிபட்டவர் மலையேறிச் செல்ல வேண்டியிருந்தது. இன்று கடிவாயைச் சோப்பிட்டு ஓடும் நீரிற் கால்மணி நேரம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்றால் ஊசி கிடைக்கும். நோய்க்குறி தோன்றிய பின்னரோ மருந்து பயன்படுவதில்லை.

மேனாடுகளில் அரசாங்கமே இக்கணக்கை நினைவூட்டும். இங்கிலாந்தில் 1796-ல் நாய்வரி விதித்தனர். பின்னர் உரிமமாக மாறிய அஃது 1987-ல் 37 பென்னியாக இருந்தபோது எடுபட்டது. ஜெர்மனியில் நாய்வரி இன்றும் உண்டு. பெர்லின் நகரில் முதல் நாய்க்கு ஆண்டிற்கு 120 யூரோ. நம் கிராமங்களில் இத்தகைய வரி இல்லாமையால் நாய் இலவசம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது போலும்.

மறுநாட் காலை பெரியவரிடம் தாளைக் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். அஞ்சலகத்து 500 ரூபாய் என்னும் வரியில் விரலை வைத்து, "இது இல்லாமல் முடியாதா?" என்றார். முடியாது என்றோம். 15 கிலோ அளவே வளரும் நாட்டு நாயாயின் உணவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையுமென்று கணக்கிட்டுக் காட்டினோம். தாளை மடித்துப் பஞ்சாங்கத்துள் வைத்துக்கொண்டார். வாங்குவதாகவும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

ஆவணியில் ஊர் சென்றபோது அவர் வாசலில் செவலை நிறக் குட்டியொன்று கட்டியிருந்தது. பக்கத்துத் தெருவிற் பிறந்தது. குட்டியின் விலையாக ஒன்றும் கொடுக்கவில்லையாம். முதல் ஊசி ஏழாம் வாரத்தில் போட்டாயிற்று என்று அவர் மகன் சொன்னான். அஞ்சலகப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டவும் செய்தான்.