மட்டி குடித்த தண்ணீர் எது?

வெற்றிலைக்குத் தடவுகிறோமே சுண்ணாம்பு, அதில் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் ஒசத்தி என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அந்தக் கிளிஞ்சலுக்குள் ஒரு காலத்தில் குடியிருந்த ஆசாமிதான் மட்டி!

அது எங்கே வசிக்கிறது தெரியுமா? ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரத்திலும் உப்பங்கழியிலும். பழவேற்காடு, பரங்கிப்பேட்டை பக்கமெல்லாம் உண்டு. தன் சதைக்காலால் மணலைத் துளைத்து உள்ளே புதைந்துகொண்டு, இரண்டு குழாய்களை மட்டும் மேலே நீட்டும். ஒன்று வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். அதிலிருக்கும் நுண்பாசிகளைச் செவுள்கள் வடிகட்டிக்கொள்ளும். மிச்சத் தண்ணீர் மற்றொன்று வழியாக வெளியே வந்துவிடும்.

வில்லங்கமே இங்கேதான்! தண்ணீரில் சாக்கடை கலந்தால் கிருமிகளும் மட்டிக்குள் தங்கும். விஷப்பாசி பெருகினால் அந்த விஷமும் சதையில் சேரும். 1981-ல் தமிழகக் கடலோரத்தில் இப்படி விஷமேறிய மட்டியைச் சாப்பிட்ட 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். 3 பேர் இறந்தே போனார்கள்.

‘நல்லாக் கொதிக்க வெச்சா சரியாயிடாதா?’ என்கிறீர்களா? கிருமி சாகும். ஆனால் ‘சாக்ஸிடாக்ஸின்’ என்கிற இந்த விஷம் சமையல் சூட்டுக்கெல்லாம் அசையாது. ருசியிலும் வாசனையிலும்கூடக் காட்டிக்கொடுக்காது.

சாப்பிட்ட சிறிது நேரத்திலோ சில மணி நேரத்திலோ உதடு, நாக்கு, விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்ச் சுருசுருவென்று இருந்தால் உஷார்! கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் தசைகள் செயலிழந்தால் செயற்கை சுவாசம்தான் உயிரைக் காப்பாற்றும். எனவே உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அதுக்காக மட்டியே வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. புரதம், இரும்புச்சத்து, வைட்டமின் பி12 எல்லாம் உள்ள அருமையான உணவு அது. வாங்கும்போது ஓடு திறந்திருந்தால் லேசாகத் தட்டிப் பாருங்கள். மூடிக்கொண்டால் உயிரோடு இருக்கிறது. மூடாததை எறிந்துவிடுங்கள். வெந்த பிறகும் வாய் திறக்காத மட்டியைத் தொடவே வேண்டாம். ஆனால் ஒன்று, இந்தச் சோதனையெல்லாம் மட்டி கெட்டுப்போகவில்லை என்று காட்டுமே தவிர, விஷத்தைக் காட்டாது. சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்கிற இடம், தண்ணீர் நிறம் மாறிய இடம், மீன் செத்து ஒதுங்குகிற இடம்... இங்கெல்லாம் எடுத்த மட்டி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஆகவே, விலையைக் கேட்பதற்கு முன்னால், ‘எந்தத் தண்ணியில எடுத்தது?’ன்னு கேளுங்க!