உங்களுக்குத் தெரியுமா? இறுகிய கியர் குமிழை இளக்குவது சூடு

ஒரே சூட்டில் அலுமினியம் உருக்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. பழைய வாகனத்தின் உருக்குத் தண்டில் இறுகிப்போன அலுமினியக் கியர் குமிழுக்கு முரட்டுப் பலத்தைவிடச் சூடு ஏற்றது என்பதற்கு இதுவே ஆதாரம். விரியும் உலோகம் துளையை அடைத்துவிடாதா என்று கேட்கலாம். அடைக்காது, குமிழ் விரியும்போது அதன் துளையும் சேர்ந்தே அகலும்.

இறுக்கத்துக்குக் காரணம் எப்போதும் அதிகமாகத் திருகியதே அன்று. கற்பிட்டி முதல் சிலாபம் வரை புத்தளக் கரையில் காற்று உப்போடுதான் வரும். உப்பும் ஈரமும் சேர்ந்தால், தொட்டுக்கொண்டிருக்கும் இரு உலோகங்களில் அலுமினியம் அரிபடும். அரிமானத் தூள் உலோகத்தைவிட அதிக இடம் பிடித்து மரையை நெருக்கும். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் உப்பு ஏது என்றால், ஓட்டுபவரின் கை வியர்வையே போதும்.

• முதலில் பூட்டு நட்டோ சிறு திருகாணியோ உண்டா எனப் பாருங்கள்.
• துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். பிறகு நன்றாகத் துடையுங்கள்.
• கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றி, கையுறையுடன் இடஞ்சுழியாகத் திருப்புங்கள். தீச்சுவாலை வேண்டாம்.
• மீண்டும் பூட்டுமுன் மரையில் கிறீஸ் தடவுங்கள்.